வெல்டாவின் குழு ஓடிய கதை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் பார்படோஸ் தீவின் ஸ்பைட்ஸ்டவுன் மீன் சந்தையில் வெல்டா கிரினிட்ஜ் பறக்கும் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டே கேட்டாள்: "அடியே, ஊர்க் கதையெல்லாம் எழுதுற. நம்ம குழு கதைய மட்டும் எழுத மாட்டியா?" கத்தி அவள் கையில் இருந்தது. எழுதுகிறேன் என்றேன்.

முதல் தொடக்கம்: "கடல் அன்று ஏனோ..." (வேண்டாம். இந்தக் கதையில் கடலுக்கு வேலையே இல்லை.)

இரண்டாவது: "வெல்டாவின் தேவாலயப் பாடகர் குழு மெதுவாகப் பாடும்." இதுதான் சரி. நானும் அந்தக் குழுவில் ஒருத்தி, ஆகையால் உரிமையோடு சொல்கிறேன். நாங்கள் ஒரு பாட்டை முடிப்பதற்குள் வீட்டில் துவரைச் சோறு அடிப்பிடித்துவிடும் என்று ஊரே கிண்டலடிக்கும். வானொலியில் ஞாயிற்றுக்கிழமை நேரலையில் பாடிவிட வேண்டும் என்பது வெல்டாவின் ஒரே ஆசை. வருடா வருடம் போய் நிற்பாள். "குரல் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இழுக்குறீங்க" என்று வருடா வருடம் திருப்பி அனுப்புவார்கள்.

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "இழுக்கல. அனுபவிச்சுப் பாடுறோம். அதையும் சேர்த்துக்க" என்றாள். சேர்த்துவிட்டேன்.

2

அவள் கணவன் டார்ன்லியைக் கதைக்குள் கொண்டுவருவது கஷ்டம். பேருந்து ஓட்டுபவன், பேச ஆரம்பித்தால் நிறுத்தம் வந்தாலும் நிறுத்தமாட்டான். யோசனை அவனுடையதுதான்.

"நேர்ல போனாத்தானே மூஞ்சியப் பாத்ததும் வேணாங்குறான்? டேப்புல பதிஞ்சு அனுப்புவோம்."

அமெரிக்காவில் புரூக்ளினில் இருக்கும் மச்சானிடம் பழைய சுருள் டேப் ரெக்கார்டர் ஒன்று விலைக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ரேடியோ, இங்கத்துக் கரண்டு போதாமல் முனகிக்கொண்டே கிடப்பதை டார்ன்லி பார்த்திருக்கிறான். நம்மை யாராவது ஏமாற்றமுடியுமா? தொலைபேசியில் தெருவே கேட்கக் கத்தினான்.

"வோல்ட் எவ்வளவு மச்சான்? பின்னாடி தகட்டப் பாத்துச் சொல்லு! நூத்திப் பதினஞ்சா? இங்கயும் அதேதான்! பிளக்கு? தட்டைக் காலா? சத்தியமா?"

எல்லாம் பொருந்தியது. பெட்டி வந்தது, செருகினான், ஓடியது. "நான் யாரு!" என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

3

தேவாலயத்தில் பதிந்தோம். போட்டுக் கேட்டோம். அதே நாங்கள், அதே அனுபவிப்பு. வெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், டேப்பை அனுப்பிவிட்டோம்.

வானொலியிலிருந்து அழைப்பு வந்தது.

"இத்தன வருஷமா இந்தக் குழுவ எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க? என்ன வேகம், என்ன குஷி! வர்ற ஞாயித்துக்கிழம நேரலைல இதே மாதிரி பாடணும், சரியா? இன்னிக்குச் சாயங்காலமே கொஞ்சம் போட்டுக்காட்டப் போறோம், கேளுங்க."

வேகமா? சாயங்காலம் வெல்டா வீட்டு ரேடியோவைச் சூழ்ந்து உட்கார்ந்தோம். எங்கள் பாட்டுதான், ஆனால் துள்ளிக்கொண்டு ஓடியது. கட்டைக் குரல்காரர்கள் எல்லாம் மீசை முளைக்காத பையன்கள் ஆகியிருந்தார்கள். வெல்டாவின் முகத்துக்கு விஷயம் புரிவதற்கு முன்பே இடுப்பு ஆடத் தொடங்கியிருந்தது.

"யாருடி இது?"

"நாமதான் வெல்டா."

4

"டார்ன்லி வெட்கத்தால் தலைகுனிந்து..." (அடித்துவிட்டேன். அவன் தலைகுனியவே இல்லை.) பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பார்த்தான். வோல்டுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது: அறுபது.*

"எல்லாத்தையும் கேட்டேன், இத மட்டும் கேக்கலையே!" என்று தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான்.

* அடிக்குறிப்பு, அவசரமில்லாதவர்களுக்கு: கரண்டுக்குத் துடிப்பும் உண்டு. அமெரிக்காவில் நொடிக்கு அறுபது, எங்கள் பார்படோஸில் ஐம்பது. வோல்ட் அமெரிக்காக்காரனுடையது, துடிப்பு இங்கிலாந்துக்காரனுடையது. எங்கள் தீவே அப்படித்தான். பெட்டிக்குள் இருக்கும் மோட்டார் அந்தத் துடிப்பை வைத்துத்தான் சுற்றும். ஆகவே இங்கே மெதுவாகச் சுற்றி மெதுவாகப் பதிந்தது. அதிலேயே போட்டால் வித்தியாசம் தெரியாது. வானொலியின் சரியான பெட்டியில் போட்டால் பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடும்.

5

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன் நான். நேரலையில் சொதப்பினால் தீவு முழுக்கக் கேட்கும், வெல்டாவை இனி வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

"டேப்புல பாடினது நாமதானே? கரண்டு ஓடுது, நாம ஓட மாட்டோமா? எழுந்திருங்கடி!" என்றாள் வெல்டா.

பயிற்சி என்ற பெயரில் நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. இரண்டாவது வரியில் எனக்கு மூச்சு வாங்கியது. உச்ச இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சிரித்துச் சிரித்துப் பெஞ்சில் சரிந்தோம். நடுவில் வெல்டா என் காதோரம் வந்தாள். "முடியாமப் போயிட்டா செத்துருவேன்டி" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

சனிக்கிழமை ஒரே ஒரு முறை பிசிறில்லாமல் வந்தது. ஒரே ஒரு முறை.

6

முடிவு அ: அந்த வேகத்திலேயே பாடி அசத்துகிறார்கள். (ரொம்ப இனிப்பு.)

முடிவு ஆ: பாதியில் மூச்சு வாங்கிப் பழைய இழுவைக்கே திரும்ப, வானொலிக்காரர் உருகி அழுகிறார். ("அவன் எதுக்குடி அழணும்? வேணாம்." வெல்டா.)

முடிவு இ: நேரலையின்போது கரண்டு போய்விடுகிறது. ("பழிய அது மேலயே போட்டுரு." டார்ன்லி.)

நடந்ததையே எழுதிவிடலாம் என்றால், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வெல்டா கையைத் தூக்கினாள், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், பல் தெரியச் சிரித்தாள். பிறகு எப்படி இருந்தது என்று பலரைக் கேட்டுவிட்டேன். பறந்தது என்கிறான் டார்ன்லி. அதே பழைய இழுவை என்கிறார் பாதிரியார். பேருந்து ரேடியோவில் கேட்டு எல்லாரும் ஆடினார்கள் என்கிறாள் இன்னொருத்தி. வெல்டாவோ வாயே திறக்கமாட்டேன் என்கிறாள், ஆனால் சந்தையில் மீன் அரியும்போதுகூடச் சிரிக்கிறாள்.

நீங்கள் வெளியில் இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் சரியாகக் கேட்கும். இதோ அவள் கை இறங்குகிறது. எந்த வேகம் என்று நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்காதீர்கள், நான் பாடிக்கொண்டிருக்கிறேன்.