முதலாளியம்மாவுக்கு லீவு

அம்மா தூங்கிவிட்டாள். இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அம்மா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் தரை துடைத்தாள். கம்பெனி கொடுத்த சட்டை, கம்பெனி கொடுத்த மாப்பு, சூப்பர்வைசர் கை காட்டுகிற மாடி. காய்ச்சலோடு போன ஒருநாள், ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. இன்னமும் ஒரு துணியைப் பிழிய முடியவில்லை. வைத்தியச் செலவு கேட்டால், நீங்கள் எங்கள் ஆளே இல்லை, தனியாகக் காண்ட்ராக்ட் எடுத்துச் சொந்தத் தொழில் செய்கிறவர் என்று சொல்லிவிட்டார்கள். எங்களோடு இருக்கும் சித்தி, அன்றிலிருந்து அம்மாவை அக்கா என்றே கூப்பிடுவதில்லை.

"முதலாளியம்மா, காலைத் தூக்குங்க, கூட்டணும்."

இன்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. முடியாத நாளில் அம்மா தனக்குப் பதிலாக யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம், நாங்கள் ஏன் என்று கேட்க மாட்டோம், அதனால்தான் அவர் காண்ட்ராக்டர் என்றார் கம்பெனி வக்கீல். சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். நான் எழுந்துவிட்டேன்.

"அனுப்பினோமே சார். அம்மாவுக்குக் காய்ச்சல்னு வேற ஒருத்தரைக் கூட்டிட்டு நான்தான் போனேன். இவருதான் வாசல்லயே திருப்பி அனுப்பினாரு. 'உங்கம்மாதான் வரணும், இல்லேன்னா இனிமே வரவே வேண்டாம்'னாரு. அப்புறம்தான் அம்மா எந்திரிச்சுப் போனாங்க. அன்னைக்குத்தான் விழுந்தாங்க."

சுத்தப் பொய் என்றார் சூப்பர்வைசர். மகள் பேச்சு மட்டும் போதாது, கூட வந்தவரை அடுத்த விசாரணைக்கு அழைத்து வா என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

கூட வந்தது சித்தி. அம்மா விழுந்த பிறகு, சித்தியைத் துரத்திய அதே ஆள் அவளையே அம்மா இடத்தில் சேர்த்துக்கொண்டார். இப்போது எங்கள் அடுப்பு எரிவது அவளால்தான். அவள் வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அம்மாவின் வழக்கு போகும். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்த அம்மா, சித்தியிடம் மூச்சு விடாதே என்றாள்.

சொல்லிவிட்டேன். சற்று முன், சித்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது. அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்டயும் காண்ட்ராக்டர்னுதானே கையெழுத்து வாங்கியிருக்கான்?"

ஆமாம் என்றேன்.

"நாளைக்கு எல்லாரும் நிக்கறப்பவே அந்தச் சூப்பர்வைசர்கிட்ட கேக்கறேன். எங்கக்காவுக்காகச் சாட்சி சொல்லப் போகணும், லீவு குடுங்கன்னு."

"குடுக்கலேன்னா, சித்தி?"

"குடுத்தாலும் அவனே சாட்சி, குடுக்கலேன்னாலும் அவனே சாட்சி. முதலாளிக்கு யாருடி லீவு குடுக்கறது?"

வேலை போனால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளறையில் அவள் அம்மாவை உசுப்புவது கேட்கிறது.

"முதலாளியம்மா, கொஞ்சம் நகர்ந்து படுங்க. இன்னொரு முதலாளியும் படுக்கணும்."