பத்தொன்பதாம் நம்பர் கரையேறிய நாள்

கடலுக்குள் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி நட்டிருந்த பத்தொன்பதாம் நம்பர் காற்றாலை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கரையேறி வந்து கம்பெனி வாசலில் நின்றது. நூறு மீட்டர் உயரம், எழுநூறு டன் எடை. வந்த வழியில் சேதம் என்று பார்த்தால், தபால் அலுவலகச் சுற்றுச்சுவரில் இரண்டு செங்கலும் சலவைக்கடைக்காரர் உலர்த்தியிருந்த ஒரு போர்வையும்தான். ஒற்றைக்கால் சாமான் எப்படி நடந்தது என்று வெளியூர்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். நொண்டியடித்துத்தான் வந்தது, வேறெப்படி வரும்? வாசல் காவல்காரருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். எது வந்தாலும் பதிவேட்டில் ஏற்றாமல் உள்ளே விடமாட்டார். அண்ணாந்து பார்த்து நம்பரைக் குறித்தார், நேரத்தை எழுதினார், யாரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டத்தில் சற்று யோசித்துவிட்டு 'நட்டுக்காரம்மா' என்று எழுதினார்.

நட்டுக்காரம்மா என்பது அந்தக் கம்பெனியின் சோதனை அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர். கடலில் நிற்கும் நாற்பது காற்றாலைகளிலும், அடிக்குழாயும் கோபுரமும் சேரும் இடத்தில் வளையமாக நூற்றிருபது நட்டுகள் உண்டு. ஒவ்வொன்றையும் முறுக்கி முடித்ததும், நட்டின் தலையிலிருந்து இரும்புத் தட்டு வரைக்கும் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பாள். அடுத்த முறை போகும்போது கோடு துண்டாகி விலகியிருந்தால், நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பத்தொன்பதில் பதினொரு கோடுகள் விலகியிருப்பதையும், உச்சியிலிருந்து எண்ணெய் கசிந்து கடலில் சொட்டுவதையும் எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். பிடிக்கிற மீனெல்லாம் மெக்கானிக் கடை வாசம் அடிக்கிறது என்று மீன்பிடிக்கிறவர்கள் அதற்கு முன்பே வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த மாதம் அவள் படகில் போய்ப் பார்த்தபோது எண்ணெய் சொட்டிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் பதினொரு கோடுகளும் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தன. மேனேஜர் ஸ்பேனரோடு ஆள் அனுப்பவில்லை, பிரஷ்ஷோடு அனுப்பியிருந்தார். நட்டுக்காரம்மா இடதுகைக்காரி. அவள் இழுக்கும் கோட்டின் வால் இடப்பக்கம் வளையும். புதுக்கோடுகளின் வால் வலப்பக்கம் வளைந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர், குறைந்தபட்சம் ஓர் இடதுகைக்காரனையாவது தேடியிருக்கலாம்.

ஓடத் தகுதி உண்டு என்ற தாளில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். மேனேஜரே போட்டுக்கொண்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை தலைமை ஆய்வாளர் நேரில் வந்து பாதுகாப்புக்கான கேடயம் கொடுப்பதாக இருந்தது, அன்றைக்கு நாற்பதும் சுற்றியாக வேண்டும். எண்ணெய்க் கறையைத் துடைக்கப் பத்தொன்பதில் ஏற வேண்டியவர் என்று பட்டியலில் வந்தது, காற்றாலை ஏறும் மெக்கானிக்கான அவளுடைய கணவரின் பெயர். காலையில் அடுக்களையில் வைத்து அவள் வழிமறித்தாள். "போகாதீங்க. அது இன்னும் நிக்குறதே பெருசு." அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "நான் போகலன்னா வேற ஒருத்தர் ஏறுவாரு. அவரு வீட்லயும் ஒருத்தி இருப்பால்ல?" வந்த கோபத்தை எல்லாம் அவள் டிபன் டப்பாவின் மூடியில் காட்டி முறுக்கிக் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்குக் காற்று வலுத்தது. அவரைப் பத்தொன்பதில் இறக்கிவிட்ட படகு திரும்பிவிட்டது. கம்பெனியின் இரண்டாம் மாடி ஜன்னலருகே ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு, ஒன்பதரைக்கு அவர் குரல் கேட்டது. "ஆடுது" என்றார். அதற்கப்புறம் இரைச்சல்தான். தூரத்தில் மற்றதெல்லாம் நேராக நிற்க, ஒன்று மட்டும் சாய்வதைக் கண்ணால் பார்த்தாள். இனி விழ வேண்டியதுதான் என்ற நிலையில் பத்தொன்பது விழவில்லை. இறக்கைகளை நிறுத்தியது, காலைச் சேற்றிலிருந்து உருவியது, கரையைப் பார்த்துக் கிளம்பியது.

முற்றத்தில் பந்தல் போட்டு, மேனேஜர் கேடயத்துக்குக் கை நீட்டியிருந்த நேரம். பத்தொன்பது பந்தலை மிதிக்காமல் சுற்றி வந்து, மண்ணில் காலைப் புதைத்து மெல்ல இறங்கி, நட்டு வளையம் ஆள் உயரத்துக்கு வந்ததும் நின்றது. அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளும் நான்கைந்து நண்டுகளும் முன்வரிசை நாற்காலிகளுக்குக் கீழே ஒதுங்கின. நட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஸ்பேனரை எடுக்கவில்லை. வலப்பக்கம் வால் வளைந்த ஒரு கோட்டைத் தேடி, அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள். அது ஜாம் பாட்டில் மூடியைப்போலச் சுற்றிக்கொண்டு கையோடு வந்தது. தலைமை ஆய்வாளர் கேடயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கோடு போட்டது யார் என்று கேட்டார். பெயிண்டர் பந்தல் காலுக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினார். "சார் கோட்டைத்தான் நேராக்கச் சொன்னாரு. நட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல." சிரித்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் மேனேஜர் வியர்வையில் நனைந்துவிட்டார்.

அதற்குள் ஏணியின் முந்நூறு படிகளையும் இறங்கி, கதவைத் திறந்துகொண்டு கணவர் வெளியே வந்தார். நட்டுக்காரம்மா கூட்டத்தை மறந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், பிறகு அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் டிபன் டப்பாவை நீட்டினார். "காலையிலேருந்து பட்டினி. இந்த மூடியக் கழட்ட உன்னாலதான் முடியும்." கழற்றிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். தளர்ந்திருந்தவை பதினொன்றல்ல, முப்பத்து நான்கு. மீன்பிடிக்கிறவர்கள் வலை இழுக்கிற கையால் முறுக்கிக் கொடுத்தார்கள், சலவைக்கடைக்காரர்கூடப் போர்வையை மறந்து ஒரு கை பிடித்தார். எண்ணெய்க் கசிவை அடைத்து, முப்பத்து நான்கு சிவப்புக் கோடுகளையும் அவளே இழுத்து முடித்தபோது மணி நான்கு. நாலரைக்குப் பத்தொன்பது நண்டுகளையும் கூட்டிக்கொண்டு நேராக நடந்து போய்த் தன் இடத்தில் நின்றது.

அன்றைக்கே நாற்பதும் நிறுத்தப்பட்டு, இடப்பக்கம் வால் வளைந்த கோடு விழுந்த பிறகே ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. மேனேஜர் கடல் இல்லாத ஊருக்கு மாற்றலாகிப் போனார், அவர் நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள். மீனில் எண்ணெய் வாசம் போக ஒரு வருடம் ஆனது. பிறகு பத்தொன்பதின் காலடியில்தான் மீன் அதிகம் கிடைக்கிறது என்று மீன்பிடிக்கிறவர்களுக்குள் இடச்சண்டை வந்தது. காற்றாலைகள் வருடத்துக்கு ஒரு முறை வரிசையாகக் கரையேறிக் காட்டிவிட்டுப் போக ஆரம்பித்ததும், மின்வாரியம் அந்தத் தெருவின் கம்பிகளைத் தரைக்கடியில் புதைத்தது. தபால் அலுவலகம் சுற்றுச்சுவரை இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டது.

போன மாதம் ஏழாம் நம்பர் முறை வராமலேயே வந்து நின்றது. இப்போது வாசலில் காவலுக்கு இருப்பது பழைய காவல்காரரின் மகள். நம்பரையும் நேரத்தையும் எழுதிவிட்டு உள்ளே தகவல் சொன்னாள். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலை முக்கால்வாசி நரைத்துவிட்ட நட்டுக்காரம்மா, சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பெயிண்ட் டப்பாவோடு இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தாள். "எங்க வலிக்குது?" என்று கேட்டாள். ஏழாம் நம்பர் மண்ணில் மெல்ல இறங்கி, வலிக்கிற இடத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டியது.