ஹெஸெலின் பனி

ஹெஸெல் பயந்தால் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் உறைந்துவிடும். பச்சைக் குழந்தையாக அவனைத் தேவாலயத்துக்குத் தூக்கிப்போன அன்றே இது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. ஞானஸ்நானத் தொட்டியில் பாதிரியாரின் இரண்டு விரல்கள் மாட்டிக்கொள்ள, வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தார்கள். அப்பா கரிப்படகிலிருந்து தவறி விழுந்து செத்த பிறகு பயம் இன்னும் முற்றியது. காலையில் முகம் கழுவ வேண்டுமென்றால் கிண்ணத்தில் இருப்பதை உடைத்துத்தான் கழுவ வேண்டும். ஃப்ரீஸ்லாந்தில், கொல்லைக்குக் கொல்லை கால்வாய் ஓடும் நாட்டில், தண்ணீருக்குப் பயந்தவன் எங்கே போவான்? மாட்டுக் கொட்டிலுக்குள் ஒதுங்கி, பால் கறந்து பிழைத்தான். ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். அக்டோபர் பிறந்ததும் அவனைக் கால்வாய்க் கரையில் முக்காலி போட்டு உட்காரவைத்து, "வழுக்குதுடா, பாத்து உக்காரு" என்பார்கள். பக்கத்து ஊர்க் கால்வாயில் வாத்துகள் நீந்திக்கொண்டிருக்கும்போதே இந்த ஊர்ப் பிள்ளைகள் சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனிமேல் பறந்தார்கள். நீன்கே அவனைக் கட்டிக்கொண்டதும் இதனால்தான். "பயப்படுற ஆம்பள ஒழுங்கா வீடு வந்து சேருவான்" என்று அவளே எல்லோரிடமும் சொல்லுவாள்.

பதினோரு ஊர்களைக் கால்வாய் வழியாகவே சுற்றிவரும் பந்தயம் இரண்டாம் முறை நடந்த குளிர்காலத்தில், நீன்கேயின் அண்ணன் வீப்ரன் ஹெஸெலையும் இழுத்துப்போனான். வீப்ரனுக்கு ரொட்டிக்கடை, வாயும் அடுப்பு மாதிரி எப்போதும் சூடு. "உன் கோழைத்தனம் ஒரு நாளைக்காவது நாலு பேருக்கு உபயோகப்படட்டுமே, மாப்ள" என்றான். ஹெஸெல் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. பொழுது சாய்ந்து ஊர் அடங்குவதற்குள் சுற்றி முடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னதாக ஒரு சிலுவை தருவார்கள். அதைக் குத்திக்கொண்டு சாராயக்கடை வாசலில் ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கூட வந்தவர்கள் மரச்செருப்பு செய்யும் அண்ணன் தம்பி இருவர்.

விடியும்போது பனி கெட்டியாக இருந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் தெற்குக் காற்று திரும்பி, மழையும் பிடித்துக்கொண்டது. பாதிப் பேர் ஸ்னேக் ஊரிலேயே கட்டைகளைக் கழற்றிவிட்டு ரயிலடிக்குப் போய்விட்டார்கள். இந்த நால்வருக்கு மட்டும் குறையில்லை. நீளமான ஒரு கழியை நால்வரும் பிடித்துக்கொண்டு, ஒரே வீச்சில் கால்மாற்றிப் போனார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் போவார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான், களைத்தால் விலகிக் கழியின் கடைசிக்கு வந்துவிடுவான், அடுத்தவன் முன்னேறுவான். யோசித்துச் செய்கிற காரியமல்ல, நடை பழகும்போதே பழகிவிடுவது. ஆனால் அன்று ஹெஸெல் மட்டுமே முன்னால் போனான், யாரும் அவனை மாற்றவில்லை.

ஸ்லோட்டன் ஏரியின் நடுவில் கரை எந்தப் பக்கமும் தெரியவில்லை. அவர்கள் காலடியில் ஒரு வண்டித்தட அகலத்துக்குத்தான் பனி இருந்தது. கழியின் கடைசி தாண்டியதும் அது கரைந்து, கறுப்புத் தண்ணீர் பின்னாலேயே வந்தது. ஹெஸெலுக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. அவன் நடுங்க நடுங்கப் பனி கணகணவென்று பாடியது. பாடுகிற பனி தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் மற்ற மூவரும் நிம்மதியாக வந்தார்கள்.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. தொடை கடுத்துப்போன ஹெஸெல், சின்ன வயதிலிருந்து செய்த மாதிரியே, விலகிக் கழியின் கடைசிக்கு வந்தான். வீப்ரனும் பழக்கதோஷத்தில் முன்னால் போனான். கடைசியில் காற்று இல்லை. முன்னால் மூன்று அகலமான முதுகுகள். அவ்வளவு பேர் தனக்கு முன்னால் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது ஹெஸெலுக்குப் பிறந்ததிலிருந்து தெரியாத ஒரு சந்தோஷம் வந்தது. பயம் போய்விட்டது.

பனி பாட்டை நிறுத்தியது. ஈரப் பாய் போலத் தொய்ந்தது. வீப்ரனின் கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று.

"மாப்ள, பயப்படுடா."

"வரலியே மச்சான்."

"உங்கப்பன நெனச்சுக்கோ."

ஹெஸெல் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். "சிரிக்கிறாரு மச்சான். பைப்பு புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு."

செருப்புக்காரர்கள் கழியின்மேல் குப்புறப் படுத்து அழுதார்கள். வீப்ரன் இடுப்புவரை போய்விட்டான், உதடு நீலம் பாரித்துவிட்டது. சாகப்போகிறோம் என்று தெரிந்தும் ஹெஸெலுக்கு உடம்பில் ஒரு நடுக்கம்கூட வரவில்லை. அதுதான் மற்றவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கா" என்றான் வீப்ரன், தண்ணீரை விழுங்கிக்கொண்டே. "சொன்னா நீ வீட்டு வாசப்படிய விட்டே எறங்க மாட்டேன்னுதான். நீன்கே முழுகாம இருக்கா மாப்ள."

ஹெஸெலுக்கு முதலில் கிணறு நினைவுக்கு வந்தது. பிறகு கொல்லைக் கால்வாய், மூடாத வாளி, மாட்டின் குளம்பு, கணகணவென்று எரியும் அடுப்பு, ஏணி, கக்குவான் இருமல், இன்னும் பிறக்காத ஒன்றின் கைக்கு எட்டக்கூடிய அத்தனையும். அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று புரிந்தது. ஏரி ஒரே சத்தத்தில் கரையிலிருந்து கரைவரை இறுகியது. இடுப்போடு உறைந்துபோன வீப்ரனை, செருப்புக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த தங்கள் உளியால் கொத்தி வெளியே எடுத்தார்கள். ரயிலடிக்குப் போனவர்கள் திரும்பி வந்து கட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள். அன்று சிலுவை வாங்கிய பலர் ஹெஸெலின் பனிமேல்தான் போனார்கள். அவன் வாங்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

மகள் ஆல்த்யே கோடையில் பிறந்தாள். பந்தயத்தன்று ஹெஸெல் வீடு திரும்பியதும் உறைந்த கொல்லைக் கால்வாய், அப்புறம் இளகவே இல்லை. புல்லறுக்க வந்தவர்கள் அதன்மேல் மோர்ச் சாடிகளை வைத்துக் குளிரவைத்தார்கள். ஆல்த்யே ஜூலை மாதத்தில், கையில்லாத கவுனோடு, சறுக்கப் பழகினாள். அவள் வளர்ந்தாள், பக்கத்து ஊரில் ஆசிரியையானாள், கட்டிக்கொண்டாள். பனி ஒரு விரல்கூட மெலியவில்லை. கரிப்படகுகள் நீண்ட வழியில் சுற்றிப் போய்ப் பழகிக்கொண்டன.

வைக்கோல் உலர்த்தும் பருவம் ஒன்றில் ஹெஸெல் படுக்கையிலேயே செத்தான். அடக்கம் முடிந்த மறுநாள், இனி இளகிவிடும் என்று கரிப்படகுக்காரன் ஒருவன் கால்வாய் முனையில் வந்து காத்திருந்தான். வெயில் கொளுத்தியது. மாலைவரை பார்த்துவிட்டு, துணி உலர்த்திக்கொண்டிருந்த நீன்கேயிடம் கேட்டான்.

"என்னக்கா, அவருதான் போய்ட்டாரே. இது இன்னும் எளகலியே?"

"போய்ட்டா மட்டும் அவருக்குப் பயம் விட்ருமா?" என்றாள் நீன்கே.

அதுவும் சரிதான் என்று படகைத் திருப்பிக்கொண்டு அவன் சுற்று வழியில் போனான்.