கடைசி வரிசை வரைக்கும்

தம்பிக்குக் கிதாரைவிட, காலடியில் கிடந்து ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட்ஸ் பெட்டி மேல்தான் பாசம் அதிகம். அதிலும் ரிவெர்ப் எனும் எதிரொலி என்றால் உயிர். கம்பியை ஒரு தட்டு தட்டினால் போதும், பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல் ஒலி நின்று நிதானமாகக் கரையும். வீட்டுப் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டியின் திருகுக் குமிழை மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம் என்று அவன் திருப்புவதைப் பார்த்தால், குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் பதம் பார்க்கிறானோ என்று தோன்றும். "சாப்பாடு ஆறுதுடா" என்று அக்கா கத்தினால் காதில் விழாது.

இத்தனை ரிவெர்ப் எதற்கு என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். பாட்டின் நடுவே வேகமாக ஓடும் ஓர் இடத்தில் அவன் சுண்டுவிரல் மக்கர் பண்ணும். அந்தத் தடுமாற்றத்தை ரிவெர்ப் போர்த்தி மூடிவிடும். கேட்பவர்களுக்கெல்லாம் அவன் பெரிய கை. அக்கா அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அவளுக்கு இருந்த கவலை வேறு. தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து இன்றுதான் முதல் மேடை. பழைய கணீர்க் குரல் போய், நூல் மாதிரி ஒரு குரல்தான் மிச்சம். இன்று அது கேட்காவிட்டால் இனிமேல் பாடுவதே இல்லை என்று முடிவு கட்டியிருந்தாள். அதைத் தம்பியிடமும் சொல்லிவிட்டாள்.

மாலை நிகழ்ச்சிக்கு மதியமே ஒத்திகை. உயரமான கூரை, கல் தரை, காலி நாற்காலிகள். வீட்டில் வைத்த அதே அளவில் தம்பி வாசித்தான். மண்டபமும் தன் பங்குக்கு எதிரொலித்தது. இரண்டும் சேர்ந்து கூழாகிவிட்டன. அக்கா பாடிய வரி போன இடம் தெரியவில்லை. மைக்கைக் கூட்டினால் வீல் என்று கத்தியது.

"கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குடா" என்றான் டிரம்ஸ்காரன். அவன் அடிக்கிற அடிக்கு எல்லாரும் அவனை இடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தம்பி தன் வாசிப்பைப் பெட்டியிலேயே பதிந்து, அது திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி விட்டான். "அக்கா, நீ பாடு" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் நின்றான். கேட்டான். திரும்பி வந்து ரிவெர்ப்பைக் குறைத்தான். மறுபடி கடைசி வரிசை. மறுபடி குமிழ். இடி கொட்டாவி விட்டான். கடைசியில் தம்பி காலால் ஒரு பொத்தானை அழுத்தினான். ரிவெர்ப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், அந்த வேகமான இடத்துல மாட்டிக்குவடா."

"மாட்டுனா மாட்டிக்கிறேன். நீ பாடு."

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. கிதார் மொட்டையாக ஒலித்தது. அதன்மேல் அக்காவின் குரல் எழுந்து தெளிவாக நின்றது. கடைசி வரிசையில் ஒரு பெண் தலையாட்டுவதை அக்கா பார்த்தாள். அவள் பயம் அத்தோடு ஓடிப்போனது.

அந்த இடம் வந்தது. சுண்டுவிரல் வழுக்கியது. 'டொக்' என்று ஒரு சத்தம். முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். ரிவெர்ப் பொத்தான் தம்பியின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் கால் அசையவில்லை. வியர்த்த முகத்தோடு வாசித்துக்கொண்டே போனான். இந்தப் பயலுக்கு இவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்கு மலைப்பாக இருந்தது. அவள் அடுத்த வரியை எடுத்தாள்.

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டும்போது இடி சும்மா இருக்கவில்லை. "நடுவுல ஒரு இடத்துல சொதப்பிட்டியே மச்சான், அப்படியே கேட்டுச்சு!"

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். "எதுவரைக்கும் கேட்டுச்சு?"

"கடைசி வரிசை வரைக்கும்."

"அப்பாடா" என்றான் தம்பி, அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "அப்போ அக்கா பாடுனதும் கேட்டிருக்கும்."