பரிசத்தன்று பேசிய இங்கிலீஷ்

எழுபத்தொன்பதில் என் மகள் பியாட்ரிஸுக்குப் பரிசம். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டு திரிந்தார். குளிக்கும்போது அதுதான், ஜெலாப்பாங் தொழிற்சாலைக்கு ஜாகாவாகக் காவல் காக்கக் கிளம்பும்போதும் அதுதான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அர்த்தம் மட்டும் தெரியாது.

சொல்லிக் கொடுத்தவள் பியாட்ரிஸ். பரிசத்தட்டைக் கையில் ஏந்தி, "பொண்ணக் கொடுக்கிறேன்" என்று பெண்ணின் தகப்பன் சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தட்டு கை மாறும். நாங்கள் முன்பு இருந்த ரப்பர் எஸ்டேட்டில் எல்லாரும் தமிழில்தான் சொன்னார்கள். இவளுக்கு அது பத்தவில்லை.

"குனோங் ராபாட்ல மாமியார் வீட்ல எப்பவும் இங்கிலீஷ்தான்மா. அப்பா எஸ்டேட்டு தமிழ்ல ஆரம்பிச்சா எனக்கு மாலுவா இருக்கும்லா."

மாலுவாம்! அந்த மனுஷன் பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தபோது வராத வெட்கம் இப்போது வந்துவிட்டது.

ஆனால் சம்பந்தமே அந்த இங்கிலீஷால் வந்ததுதான். மாப்பிள்ளையின் அப்பா டொமினிக் இங்கிலீஷ் வாத்தியார். "நகை நட்டு ஒண்ணும் வேணாம். வர்ற பொண்ணு தப்பில்லாம இங்கிலீஷ் பேசணும், அவ்வளவுதான்" என்று சொல்லித்தான் பெண் கேட்டார். நாங்களும் பெருமையாகத் தலையாட்டினோம்.

பரிசத்தன்று கூடம் நிறைய ஆட்கள். என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கினார், தொண்டையைச் செருமினார், சொன்னார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஒரு வாரமாகக் கேட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

டொமினிக் கையை உயர்த்தினார். "இருங்க. நடுவுல ஒரு வார்த்தை தப்பு. இன்னொரு தடவை சொல்லுங்க."

அட, இது பரிசமா பள்ளிக்கூடமா?

அவர் மறுபடியும் அதையே சொன்னார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மறுபடியும் அதே தப்பு! யார் சொல்லிக் கொடுத்தா?"

மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா நல்லாத்தான் சொல்லிக் கொடுத்துச்சுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "மரம் வெட்டின மண்டைல ஏறலங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

டொமினிக் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப நீயே சரியாச் சொல்லிக் காட்டும்மா."

பியாட்ரிஸுக்குத் தெரிந்ததும் அந்தத் தப்பான வாக்கியம்தான். வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

"ஐயையோ, கூடாதுங்க சம்பந்தி!" என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் தட்டிலிருந்த ஆரஞ்சு உருண்டது. "எங்க பக்கம் தட்டு கை மாறுற வரைக்கும் பொண்ணு பேசவே கூடாது. ஆகாது."

அப்படியொரு வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. என் பரிசத்தில் நான் வாய் ஓயாமல் பேசினேன்.

"வழக்கம்னா சரி," என்றார் டொமினிக். என் வீட்டுக்காரர் தமிழிலேயே சொல்லித் தட்டை நீட்டினார். தட்டு கை மாறியது.

டொமினிக் சந்தோஷமாக இவர் முதுகில் தட்டினார். "இங்கிலீஷ் நமக்கு வேணாம் மச்சான். விட்டுருங்க, பாவம் அது!"

கூடமே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். புது வீட்டார் பக்கத்தில் நின்றுகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, அப்பனைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. இவளை நான்தானே பெற்றேன்.

தண்ணீர் குடிக்க அவர் அடுப்படிக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பாத்தீங்களா உங்க மகள? அவளுக்காகத்தானே அசிங்கப்பட்டீங்க? உங்களப் பாத்தே சிரிக்கிறா!"

"கத்தாதலா," என்றார். "நான்தான் சிரின்னு கண்ணக் காட்டினேன். சிரிக்கலன்னா அவங்களுக்குச் சந்தேகம் வரும்ல?"

பொய். அவள் சிரித்தபோது அவர் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், தலையை நிமிர்த்தவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.