அரை நொடி

மகள் ரப்பர் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டிருந்தாள். காதுக்கு மேல் ஒரு கொத்து பிதுங்கி நின்றது. விரலால் உள்ளே தள்ளிவிட்டேன். பதின்மூன்று வயதுக்காரி, நாலு பேர் எதிரில் அப்பா கை பட்டால் விலகிப் போகிறவள், இன்று விலகவில்லை.

“பயமா இருக்குப்பா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு.”

“முப்பத்தொண்ணு எட்டு. நீங்கதானே எடுத்தீங்க? அப்புறம் எனக்கென்ன பயம்.” தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு போனாள்.

பயம் எனக்குத்தான். இன்றைய தேர்வில் ஐம்பது மீட்டரை முப்பத்திரண்டு நொடிக்குள் நீந்தினால் மாவட்ட அணியில் இடம். இல்லையென்றால் அடுத்த வருஷம்தான். அவளால் முடியாது என்று இந்த நீச்சல்குளத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

நான் தையல்காரன். எதைத் தைத்தாலும் உள்ளே அரை இஞ்ச் விட்டுத்தான் தைப்பேன். உடம்பு வளரும், பிரித்து விட்டுக்கொள்ளலாம். அந்தப் புத்தி ஸ்டாப்வாட்சிலும் வந்து தொலைத்தது. கோச்சிடம் இருபது பிள்ளைகள். அவரவர் பிள்ளைக்கு அவரவரே நேரம் எடுத்து நோட்டில் எழுதுங்கள் என்று ஆளுக்கொரு வாட்சைக் கொடுத்துவிட்டார். ஒருநாள் அவள் அழுதுகொண்டே கரையேறினாள். மறுநாள் அவள் கை சுவரைத் தொட ஒன்றரை முழம் இருக்கும்போதே பொத்தானை அமுக்கினேன். அன்றைக்கு வீடு வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. அப்புறம் தினமும் அப்படித்தான். வளர்ந்து நிரப்பிவிடுவாள் என்று நினைத்தேன், முட்டாள்.

பக்கத்து இருக்கையில் இன்னொரு பெண்ணின் அம்மா. எங்கள் கிளப்பிலிருந்து ஒருத்தர்தான் இந்தத் தேர்வில் நீந்தலாம். நோட்டைப் பார்த்து, அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு என் மகளை இறக்கியிருந்தார் கோச்.

“என் பொண்ணு முப்பத்திரண்டு ஒண்ணுதாங்க. உங்க பொண்ணு போறதுதான் நியாயம்,” என்றாள் அந்த அம்மா. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

குதிமேடையில் ஏறும் முன் மகள் திரும்பி என்னைத் தேடினாள். வாட்சைத் தூக்கிக் காட்டினேன். விசில் ஊதினார்கள், குதித்தாள். பாதி வரைக்கும் அவள்தான் முன்னால். அந்த அரை நொடியை எங்கிருந்தாவது பிடித்துவிடு தாயே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். கடைசிப் பத்து மீட்டரில் என் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் கை சுவரில் அறைந்த பிறகுதான் அமுக்கினேன்.

முப்பத்திரண்டு நாலு. எதிரே போர்டிலும் அதேதான்.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் போர்டைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். கோச் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். படியிறங்கிக் கரைக்குப் போனேன்.

“போர்டுதான் சார் தப்பு. அப்பா எடுத்திருக்காரு, பாருங்க.”

கோச் என் பக்கம் திரும்பினார். மேலே அந்த அம்மாவும் எழுந்து நின்றிருந்தாள். மகள் ஒரு கையால் கரையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள். உள்ளங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கட்டைவிரல் எண்களை மூடியிருந்தது.