சித்தப்பா காரின் ஐந்து குழாய்கள்

...பழைய குழாயை இழுக்கக் கூடாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், இழுத்தால் ரேடியேட்டரின் பித்தளைக் கழுத்து பிளந்துகொள்ளும், பிளந்தால் பற்றவைக்க ஆள் தேடிப் புதுச்சேரிக்குப் போக வேண்டும், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எவன் கடை திறந்திருப்பான், ஆகவே கத்தி. வெங்காயம் நறுக்குகிற கத்திதான், அமிர்தம் வீட்டில் இருந்தால் கொடுத்திருக்க மாட்டாள். அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவள், பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது, நான் போய் அழைத்து வர வேண்டும், அழைத்து வருவதற்குத்தான் இந்தக் கார், கார் ஓடுவதற்குத்தான் இந்தக் கத்தி. குழாயின் நீளத்துக்கு ஒரு கோடு கிழித்து, கோட்டில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துத் திருப்பினால் ரப்பர் வாயைத் திறக்கிறது. வெளியே பளபளவென்று இருக்கிறது, நேற்றுகூடத் துடைத்தேன், உள்ளே விரலை விட்டால் செதில் செதிலாகக் கையோடு வருகிறது, துருச் சேறு, செத்த தவளை நாற்றம். இவ்வளவு நாள் இதை நம்பித்தான் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, ஓடுகிறது ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேனா? மேலே ஒன்று, கீழே ஒன்று, தண்ணீர்ப் பம்பைத் தாண்டிப் போகிற குட்டைக் குழாய் ஒன்று, பிறகு டாஷ்போர்டுக்குப் பின்னால் நுழைகிற மெலிந்த குழாய்கள் இரண்டு. ஆக ஐந்து. அந்த மெலிந்த இரண்டும் காருக்குள் கணப்பு போடுவதற்காம். குளிர் தேசத்துக்காரன் செய்த வண்டி, அவனுக்கு வேண்டும், ஆவணி வெயிலில் வில்லியனூரில் கணப்பு யாருக்கு வேண்டும்...

இது என் கார் இல்லை, இன்னாசிமுத்து சித்தப்பாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், கப்பலில் கொண்டுவந்து இறக்கினார், சிவப்பு நிறம், இரண்டே சீட், கூரை துணி, மடக்கினால் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். ரேஸ் ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி வண்டி, மாட்டு வண்டிக்கே ஒதுங்க இடமில்லாத எங்கள் தெருவில். எழுபத்து நாலில் குடும்பத்தோடு பிரான்சுக்குத் திரும்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வைடா என்றார், ஓட்டு என்றும் சொல்லவில்லை, ஓட்டாதே என்றும் சொல்லவில்லை. அவர் போய் ஐந்து வருஷம். நேற்று மாலை ஒத்திகை பார்க்கலாமென்று கடைத்தெரு வரைக்கும் ஓட்டினேன், தேரடி பக்கம் திரும்பும்போது முன்னால் புஸ்ஸென்று ஆவி, கண்ணாடியெல்லாம் வெந்நீர், கூட்டம் கூடிவிட்டது, இட்லி வெந்துடுச்சா பாருடா என்றான் ஒருவன். பம்ப்செட் சாமான் விற்கிற ஏகநாதன் கடை நல்லவேளையாக எதிரிலேயே இருந்தது. நான் அவரிடம்தான் வாஷர் வாங்குகிறேன், இப்போது ஆயில் இன்ஜின் ரிப்பேர்தானே எனக்குப் பிழைப்பு, அபிஷேகப்பாக்கம் வரைக்கும் சைக்கிளில் போய்ப் பார்க்கிறேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னாபா இது, எத்தினி குதிரெ சக்தி?” என்றார். சொன்னேன். “அவ்ளோ இருந்தா ரெண்டு காணிக்குத் தண்ணி எறைக்கலாமே, இத வெச்சிக்கினு ஊர் சுத்தறியே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பம்ப்செட் குழாய்களை அளந்து வெட்டிக் கொடுத்தார். வளைவு சரியாக வராது, மடங்காமல் பாத்துக்கோ என்றார். வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். அதுவும் நல்லதுதான், இன்று பாதி வழியில், ஏம்பலத்துக்கு அந்தப் பக்கம், கைப்பிள்ளையோடு அவளை உட்கார வைத்துக்கொண்டு வெடித்திருந்தால்?

பவுல்ராஜ் வைத்த கெடு இன்றோடு முடிகிறது. அமிர்தத்தின் அண்ணன், நெய்வேலியில் வேலை, பேச்சில் எப்போதும் ஒரு சூப்பர்வைசர் தோரணை. ஞானஸ்நானத்துக்குப் பஸ்ஸில் பண்டசோழநல்லூர் போனபோது பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “இன்னா மாப்ள, புள்ளய சைக்கிள் கேரியர்லயா கட்டிக்கினு போவப் போற?” என்றான். சிரித்தார்கள். அந்தக் கோபத்தில் நான், “சித்தப்பா கார்ல வந்து கூட்டினு போறேன், நீ வாசல்ல நின்னு பாரு” என்றேன். அவன் சிரிக்காமல், “சரி. மூணாம் மாசம் முடியற ஞாயித்துக்கெழம, பொழுது சாயறதுக்குள்ள வா. வரலன்னா நான் அவள நெய்வேலிக்குக் கூட்டினு போயிடுவேன், க்வார்ட்டர்ஸ்ல எடம் இருக்குது, அப்புறம் வந்து நிக்காத” என்றான். அமிர்தம் அங்கேதான் நின்றாள், பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். அவள் அப்படித்தான். சோப்புத் தண்ணீரில் குழாயின் வாயை நனைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும், ஏறுகிறது, இன்னும் கொஞ்சம், கழுத்தின் விளிம்பைத் தாண்ட வேண்டும், தாண்டிவிட்டது. அடச்சே. கிளாம்பு. இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பை முதலில் குழாயில் கோத்துக்கொள்ளாமல் ஏற்றிவிட்டேன், இனி இதைக் கழற்றித்தான் ஆக வேண்டும், புதுக் குழாயை அறுக்கவும் முடியாது. அவள் முகத்தை யோசித்தால் இப்படித்தான் ஆகும்.

மில் வேலையை ஏன் விட்டாய் என்று எல்லாரும் கேட்டாயிற்று. சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு வருஷம் ராத்திரி ஷிப்ட், நூல் அறுந்தால் ஒட்டுவது, அறுந்தால் ஒட்டுவது, மிஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே, சன்னல் எல்லாம் மூடியிருக்கும், காற்றில் ஈரம் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், பனியன்கூட பாரமாக இருக்கும், மூச்சு விட்டால் பஞ்சு, எச்சில் துப்பினால் பஞ்சு. தை மாதத்தில் ஒரு ராத்திரி, இரண்டு மணி டீ நேரத்துக்கு வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன், சங்கு ஊதினார்கள், எழுந்திருக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, எந்த மிஷினும் யார் கையையும் கடிக்கவில்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அமிர்தத்துக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவளிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் சாயங்காலம் அவள் வழக்கம்போல டிபன் கேரியரைப் பையில் வைத்துக் கொடுத்தாள், நான் வழக்கம்போல சைக்கிளை எடுத்தேன், மில் பக்கம் போகாமல் வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போய் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். “காத்தால வரிக்கும் இந்த லைன்ல வண்டி கெடையாதுபா” என்றார் ஸ்டேஷன் ஆள். தெரியும் என்றேன். “தெரிஞ்சே குந்தினு இருக்கியா?” என்று ஒரு மாதிரி பார்த்தவர், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். பன்னிரண்டு ராத்திரி. சோற்றைத் தின்பேன், பெஞ்சில் முடங்குவேன், பனி இறங்கும், விடிந்ததும் கண்ணைக் கசக்கிச் சிவப்பாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். நாலாவது ராத்திரி பையைத் திறந்தால் கேரியருக்கு அடியில் கட்டம் போட்ட போர்வை. துவைத்து மடித்ததை அலமாரியில் வைப்பதற்குப் பதிலாகப் பையில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது, வயிற்றில் பிள்ளை இருந்தால் மறதி வரும் என்று பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், நல்லதாகப் போயிற்று என்று இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காலையில் மடித்து அப்படியே பையில் வைத்தேன். அவள் எடுத்து வைக்கவும் மறந்துவிட்டாள்.

மேல் குழாய் முடிந்தது, கிளாம்போடு. கீழ்க் குழாய்க்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், படுத்தேன், மண்ணில் சாக்கு விரித்து. கை போகிற இடத்தில் கண் போகாது, கண் போகிற இடத்தில் கை போகாது, முழங்கை தோல் உரிந்துவிட்டது. மில்லிலிருந்து எப்போதோ கொண்டுவந்த ஒரு மூட்டை வேஸ்ட் பஞ்சு வீட்டில் கிடந்தது, அதைத்தான் பிய்த்துப் பிய்த்துக் கையையும் குழாயையும் துடைக்கிறேன், வேர்வையையும் அதிலேயே. கணப்புக் குழாய்களுக்கு ஏகநாதன் கொடுத்தது நீளம் போதவில்லை, இரண்டுக்குப் பதில் ஒன்றைப் போட்டு, போகிற வாயையும் வருகிற வாயையும் நேராக இணைத்துவிட்டேன், கணப்பு செத்தது, சித்தப்பா வந்து குளிருகிறது என்று சொல்லட்டும் பார்க்கலாம். பதிமூன்றாம் நாள் காலை நான் வீட்டுக்குள் நுழையும்போதே பவுல்ராஜ் உட்கார்ந்திருந்தான். முந்தின ராத்திரி ஏதோ வேலையாகப் புதுச்சேரி வந்தவன் என்னைப் பார்க்க மில் கேட்டுக்குப் போயிருக்கிறான். அவன் எழுந்து நின்று, “எங்கடா போய்ட்டு வர்ற? யார ஏமாத்தற? உன் வூட்டுல சோறு கட்டிக் குடுத்துக்கினு ஒருத்தி இருக்கறாளே, அவ மனுஷியா இல்லியா?” என்று கத்தினான், தெரு முழுக்கக் கேட்டது. மாப்ள போய் டா வந்துவிட்டது. அமிர்தம் அடுப்படியில் நின்றாள். திட்டுவாள், அழுவாள், கையில் இருப்பதைத் தூக்கி எறிவாள் என்று பார்த்தேன். “காபி ஆறுது, குடிய்யா” என்றாள். அவ்வளவுதான். திட்டக்கூட நான் லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம், அவளும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை, ஏழாம் மாதம் பவுல்ராஜ் வந்து அழைத்துப் போனான். ஏமாந்தவள் அவள், ஏமாற்றினவன் நான், அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை...

தண்ணீர் ஊற்றும்போது அவசரப்படக் கூடாது. உள்ளே காற்று நின்றுவிட்டால் சூடு காட்டுகிற முள் ஒரேயடியாகச் சிவப்புக்குப் போகும். மூடியைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட வேண்டும், ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு குமிழி, தண்ணீர் இறங்கும், இன்னொரு சொம்பு, இன்னொரு குமிழி. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அந்தோணி மேரி அக்கா பூசைக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் வருகிறாள், முக்காட்டைக்கூட எடுக்கவில்லை, வேலிப் பக்கம் நின்றாள். “ஏண்டா செபாஸ்டின், பூசையும் இல்ல ஒண்ணும் இல்ல, காருக்குத் திருமஞ்சனமா?” என்றாள். தண்ணி காட்டறேன் அக்கா என்றேன். “சாமியாரு பிரசங்கத்துல உன்ன மாதிரி ஆளத்தான் சொன்னாரு.” இன்னா சொன்னாரு என்றேன். “நான் எங்க கேட்டேன், தூங்கிட்டேன்.” சிரித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இன்னாடா தலயெல்லாம் பஞ்சு? மறுபடியும் மில்லுக்குப் போவ ஆரம்பிச்சிட்டியா? முந்தி இப்படித்தான வருவ, கெழவனாட்டம். அமிர்தம் கெணத்தடில குந்த வெச்சிப் பொறுக்குமே.”

வேஸ்ட் பஞ்சு அக்கா, துடைச்சேன், ஒட்டிக்கிச்சு என்று சொன்னேன். சொன்னேனா? கை குழாயை அமுக்கிக்கொண்டே இருந்தது. பொறுக்குவாள். தினமும் காலையில் சைக்கிளை நிறுத்தியதும் அதுதான் முதல் வேலை, கிணற்றடிக் கல்லில் என்னை உட்கார வைத்து முடி முடியாகப் பிரித்து எடுப்பாள், காது மடல், புருவம், கண் இமை, எடுத்ததை ஊதிவிடுவாள், செம்மறியாடு வந்துச்சு என்பாள். மில்லுக்குள் ஒரு ராத்திரி இருந்தவன் தலையில் பஞ்சு இல்லாமல் வெளியே வர முடியாது, தொப்பி போட்டாலும் முடியாது. ஸ்டேஷன் பெஞ்சில் ஏது பஞ்சு? பனிதான் இருக்கும், ஈரமாகத்தான் இருக்கும். கண்ணைக் கசக்கிச் சிவப்பாக்கத் தெரிந்தவனுக்கு இது ஏன் தோன்றவில்லை? முதல் காலையிலேயே அவளுக்கு... அப்படியானால் போர்வை? மில்லுக்குப் போகிறவனுக்கு, பனியன் பாரமாக இருக்கிற இடத்துக்குப் போகிறவனுக்கு, எவளாவது போர்வை கட்டிக் கொடுப்பாளா? மறதி என்று நானாகச் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு எப்போது என்ன மறந்தது, உப்பு மறந்ததா, என் அப்பாவின் நினைவு நாள் மறந்ததா? பவுல்ராஜ் கத்தின அன்று அடுப்படியில் நின்றவளுக்கு அது புதுச் செய்தி இல்லை. நான் வாயைத் திறப்பேன் என்று பன்னிரண்டு நாள் காத்திருந்தாள், அவன் வந்து திறந்துவிட்டான். அதற்கப்புறமும் இரண்டு மாதம் காத்திருந்தாள், நான் காபியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

“தண்ணி வழியுதுடா, எங்க பாக்கற?” என்றாள் அந்தோணி மேரி அக்கா. மூடியைப் போட்டு முறுக்கினேன். குமிழி நின்றிருந்தது. முள் பாதியில் நிற்கிறது, அங்கேயே நிற்கிறது, எந்த இடத்திலும் சொட்டு இல்லை, மேல் குழாயின் வளைவு மட்டும் கொஞ்சம் நசுங்கின மாதிரி இருக்கிறது, பண்டசோழநல்லூர் வரைக்கும் தாங்கும், திரும்பி வருவதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன், போர்வை இருந்தது, அவள்தான் துவைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கொண்டுவந்து இரண்டாவது சீட்டில் நாலாக மடித்து விரித்தேன், வெயிலில் ரெக்சின் சுடும், பிள்ளையோடு உட்கார வேண்டும். பார்த்தால் அவளுக்குப் புரியும். புரிந்து என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். முதலில் நான்தான் சொல்ல வேண்டும், வாசலில் பவுல்ராஜ் நிற்பான், அவன் எதிரிலேயே சொல்ல வேண்டும், அந்த வார்த்தை எதுவென்று இதுவரை அகப்படவில்லை. கிளட்ச்சை மிதித்தேன். “டேய், அந்தத் தலயத் தட்டிக்கினு போடா, மாமியா வூட்டுக்குப் போறவன்” என்று கத்தினாள் அக்கா. கையைத் தூக்கினேன், முடியில் விரல் பட்டதும் பஞ்சு மெத்தென்று இருந்தது, அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பவுல்ராஜ் வருகிறவரைக்கும் தினமும் காலையில் அவள் என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்தாள், விரலை விட்டு முடி முடியாகப் பிரித்தாள், காது மடலையும் விடவில்லை, ஊதியும் விட்டாள், எனக்குத் தூக்கம் வந்தது... தலையில் ஒன்றுமே இல்லாதபோது அவள் எதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்? தட்டாமலே கையை இறக்கிக் கியரில் வைத்தேன்.